கனகபுராவுக்குப் போன நத்தைகள்

வெலைய மட்டும் மொதல்லயே சொல்லிடாதீங்க தம்பி. எங்க டாக்டருக்கு பி.பி. இருக்குது. ரெண்டு மாசம் முன்னாடி ஒருத்தர் வந்தாரு, டை கட்டிகினு, உங்கள மாதிரி தான், இதே நாற்காலில குந்திகினு, மேப்பு போடற சாப்ட்வேர் சார்னு ஆரம்பிச்சி மூணாவது வார்த்தையே வெலை. டாக்டர் அப்படியே செவுத்த புடிச்சிகினு நின்னுட்டாரு. அந்த காசுக்கு ஹெப்பகோடில ஒரு சைட்டு வாங்கி, காம்பவுண்டு எழுப்பி, போர் போட்டுடலாம். நத்தைக்கு மேப்பு போடறதுக்கா அவ்ளோ? உக்காருங்க, உக்காருங்க. டாக்டர் வர பதினோரு மணி ஆவும். வழியில டிராபிக்ல மாட்டிகினாருன்னா எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது.

ஆமா, நத்தை தான். ஏன், போன்ல சொல்லலையா? சொல்ல மாட்டாரு. சொன்னா யாரும் வர மாட்டாங்கன்னு தெரியும் அவருக்கு. ஆப்பிரிக்கா நத்தை தம்பி, கையளவு இருக்கும். மழை புடிச்சா போதும், பெங்களூர் பூரா செவுரு செவுரா ஏறுது. பப்பாளி, ரோஜா, கீரை, ஒண்ணு விடறதில்ல. அது எங்கெங்க இருக்குதுன்னு எடம் எடமா குறிச்சி, மேப்புல புள்ளி வெச்சி, டில்லிக்கு அனுப்பணும். அதான் இந்த டிரஸ்டோட வேலை. வாசல்ல இங்கிலீஷ்ல பெரிய பேரு எழுதி போர்டு இருக்குது, ஆட்டோக்காரனுக்கு அது வாயில வராது. நத்தை ஆபீஸ்னு சொன்னா நேரா கொண்டாந்து எறக்குவான். என் நாத்தனாரு சொந்தக்காரங்க கிட்ட எல்லாம் நான் பாங்க்ல வேலை பாக்கறேன்னு சொல்லி வெச்சிருக்கா. அவ கவலை அவளுக்கு.

என்ன எடுத்தது டைப்பிஸ்டுன்னு. அம்புஜம், லோயர், ஹையர் ரெண்டும் பர்ஸ்ட் கிளாஸ். இப்ப பாருங்க, கம்ப்யூட்டர்ல டேட்டா அடிக்கறது நானு, கணக்கு நானு, டீ நானு, நத்தை டப்பா கழுவி காய வெக்கறதும் நானு. டாக்டர் கோதண்டராமன் பெரிய படிப்பு படிச்சவரு, ஜெர்மனி எல்லாம் போயிட்டு வந்திருக்காரு, உயிரோட நத்தைய உள்ளங்கையில வெச்சிகினு மணிக்கணக்கா பேசுவாரு. மவுஸ தொட சொல்லுங்க பாக்கலாம். ஷாக் அடிக்கற மாதிரி கைய இழுத்துக்குவாரு.

வரச்சொல்ல வெளிய படியில ஒருத்தர் குந்திகினு இருந்தாரே, மடியில ஒரு பையி... பாத்தீங்களா? இன்னா, வணக்கம் சொன்னீங்களா? அய்யோ, எதுக்கு சொன்னீங்க. சரி வுடுங்க, உங்களுக்கு தெரியாது. அது பெரிய ராமாயணம். சொல்றேன், மொதல்ல சாப்ட்வேர் கதைய கேளுங்க, அதுலேர்ந்து தான் இதுக்கு வரணும்.

மொதல்ல சும்மா கெடைக்கறது ஒண்ணு போட்டோம். இண்டர்நெட்ல ஓசியா தரானாம், எந்த மகராசனோ. சுனிதான்னு எம்.எஸ்ஸி. படிக்கற பொண்ணு ஒருத்தி வந்துகினு இருந்தா, அவ தான் சி.டி.ல போட்டு எடுத்தாந்தா. தொறந்தா கருப்பு ஸ்கிரீனு. ஒரு பட்டன் இல்ல, ஒரு படம் இல்ல. எல்லாம் டைப் அடிச்சி சொல்லணும். ஒரு எழுத்து தப்பா அடிச்சா கோச்சிகினு நின்னுடும். எங்க ஊட்டுக்காரர் மாதிரி. ஆனா ஒரு வாரம் கழிச்சி புள்ளி வந்துது தம்பி. வெள்ளை ஸ்கிரீன்ல செவப்பு செவப்பா. ரோடு இல்ல, ஏரி இல்ல, ஊரு பேரு இல்ல, வெறும் புள்ளி. அதுக்கே டாக்டர் கண்ணாடிய கழட்டி தொடச்சிகினு, அம்புஜம், சயன்ஸுன்னா இதான்மான்னாரு. எனக்கு அம்மை போட்ட மாதிரி தான் தெரிஞ்சிது.

அப்பால டில்லிலேர்ந்து சொன்னாங்க, வெறும் புள்ளி வேணாம், அடியில ரோடு, ஊரு எல்லாம் தெரியணும்னு. சுனிதா பரீட்சைக்கு போயிட்டா. டாக்டர் என்ன கம்ப்யூட்டர் சாமான் விக்கற எஸ்.பி. ரோடுக்கு அனுப்பிட்டாரு. எஸ்.பி. ரோடு போயிருக்கீங்களா? போவாம இருப்பீங்களா, உங்க கம்பெனி சாப்ட்வேரே அங்க பிளாட்பாரத்துல கெடைக்கும். கோச்சிக்காதீங்க. ஒரு பாய் இருந்தாரு, நல்ல மனுசன். மேப்பு சாப்ட்வேர் இருக்குதான்னு கேட்டேன். ஒரே சி.டி.ல மேப்பு, ஜாதகம், கணக்கு எழுதற டேலி, கார் ரேஸ் நாலும் இருக்குது, எடுத்துகினு போங்கன்னாரு. போட்டோம். ஜாதகம் நல்லா வேலை செஞ்சிது. என் பெரியவனுக்கு பாத்தேன், ஏழரை நடக்குதாம், அதுவும் சரியா தான் சொல்லிச்சி.

மேப்பும் வந்துது. கர்நாடகா, ஜில்லா, ரோடு, எல்லாம் கலர்ல. அதுமேல எங்க புள்ளிய போட்டோம். தம்பி, பெங்களூர்ல ஒரு நத்தை இல்ல. ஒண்ணே ஒண்ணு கூட இல்ல. எல்லாம் கனகபுராவுல போய் குந்திகினு இருக்குது. பொம்மனஹள்ளி நத்தை, ஹெப்பகோடி நத்தை, நீலசந்திரா நத்தை, லால்பாக்ல டாக்டரே கையில எடுத்து முத்தம் குடுக்காத கொறையா கொஞ்சின நத்தை, எல்லாம் கனகபுரா ரோட்டுக்கு அந்தாண்ட. ஹெப்பாள் பக்கத்து நத்தை மட்டும் தனியா பிரிஞ்சி மாகடி ரோட்டு பக்கம் போயிடுச்சி. கனகபுரா இங்கேர்ந்து அம்பது கிலோமீட்டர் இருக்கும். நத்தை. அதுக்கு பஸ் பாஸ் யார் குடுத்தாங்கன்னு கேட்டேன், டாக்டர் சிரிக்கல.

அவரு இன்னா சொன்னாரு, திருட்டு சாப்ட்வேரும்மா, அது அப்படித்தான் இருக்கும், நல்லதா ஒண்ணு வாங்கணும்னாரு. அப்போ தான் டை கட்டினவர் வந்தது. வெலைய கேட்டு டாக்டர் செவுத்த புடிச்சதும், அவரே பாவப்பட்டு ஒரு மாசம் சும்மா வெச்சி பாருங்கன்னு குடுத்துட்டு போனாரு. கூடவே ஒரு சின்ன கட்டை. டாங்கிளாம். கம்ப்யூட்டருக்கு பின்னாடி சொருகினா தான் சாப்ட்வேர் தொறக்கும். ஊட்டு சாவி மாதிரி, பத்திரம்னாரு. நான் நகை மாதிரி வெச்சிருந்தேன் தம்பி. தெனம் சாயந்திரம் உருவி பீரோல பூட்டுவேன்.

பூட்டி இன்னா பிரயோஜனம். ஆயுதபூஜை வந்துது. வருசா வருசம் இந்த ஆபீஸ்ல நான் தான் பூஜை போடறது. கம்ப்யூட்டருக்கு பொட்டு, மைக்ராஸ்கோப்புக்கு பொட்டு, யு.பி.எஸ்ஸுக்கு ஒரு மாலை, டாக்டர் ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம். டாங்கிள் அவ்ளோ வெல ஒசந்த சாமான், அத மட்டும் வுட முடியுமா? சந்தனத்த கொழைச்சி நல்லா ரெண்டு பக்கமும் வெச்சி, குங்குமம் வெச்சி, பூ வெச்சி... சொருகற பக்கம் பூரா பல்லு பல்லா ஊசி இருக்குதுன்னு எனக்கு இன்னா தெரியும்? மறுநாள் சொருகினா செத்து போச்சி. டை கட்டினவர் போன்ல அந்த கத்து கத்தறாரு. நான் ஒண்ணே ஒண்ணு தான் கேட்டேன். ஒரு ஆயுதபூஜைய தாங்காத சாமான இந்த ஊர்ல எதுக்கு விக்கறீங்க? போன வெச்சிட்டாரு.

இல்ல இல்ல, சாவறதுக்கு முன்னாடி புள்ளி போட்டு பாத்துட்டோம். அதுலயும் கனகபுரா தான். அச்சு அசல் அதே எடம். ஓசில வந்த வெறும் புள்ளியும் அதே கோலத்துல தான் நின்னுது. டாக்டர் டை கட்டினவர் கிட்ட ரொம்ப நைசா கேட்டாரு, இந்த புள்ளிய எல்லாம் மவுஸால புடிச்சி இழுத்து அப்படியே பெங்களூருக்கு கொண்டாந்துடலாமான்னு. கொண்டாரலாம் சார், அதுக்கு தனி மாட்யூல் வாங்கணும்னு அவரு அதுக்கும் ஒரு வெல சொன்னாரு. டாக்டர் மறுபடியும் செவுத்த புடிச்சிகினாரு.

அப்போ இன்னா ஆவுது? ஓசி சாப்ட்வேரு, திருட்டு சாப்ட்வேரு, தங்கத்தால செஞ்ச சாப்ட்வேரு, மூணும் சேர்ந்து பொய் சொல்லுமா? சொல்லாது. அப்போ பொய் சொல்றது யாரு?

அதான், படியில குந்திகினு இருக்காரே, முனியப்பன். எங்க தெருக்காரர் தான், பொம்மனஹள்ளி. இந்த வேலைல அவர சேர்த்து வுட்டதே நானு. வேலை இன்னான்னா, பெங்களூர் பூரா சுத்தணும், நத்தை இருக்கற எடத்துல ஒரு மெஷின கையில புடிச்சிகினு நிக்கணும். அது மேல வானத்துல சாட்லைட்ட பாத்து நீ நிக்கற எடம் இதுன்னு நம்பர் காட்டும். அத அப்படியே காயிதத்துல எழுதி, பக்கத்துல ஊரு பேரு போட்டு, சாயந்திரம் என்கிட்ட குடுக்கணும். நான் அடிப்பேன். அவ்ளோ தான். காயிதத்துல பொம்மனஹள்ளி, நீலசந்திரான்னு பேரு எல்லாம் அழகா தான் எழுதறாரு. நம்பர் போய் கனகபுராவுல நிக்குது. மெஷின் பொய் சொல்லாது, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. அப்போ இவரு தெனம் கனகபுராவுல நின்னுகினு பேர மட்டும் மாத்தி எழுதி இருக்காரு.

டாக்டர் கூப்ட்டு கேட்டாரு. அந்தாளு சத்தியம் பண்றாரு. கனகபுராவுக்கு எந்த பஸ்ஸுன்னு கூட தெரியாது சார், நான் அந்த திக்கே பாத்ததில்லன்னு. டாக்டருக்கு கொழப்பம். எதுக்கும்மா ஒரு மனுசன் பொம்மனஹள்ளில கொட்டி கெடக்கற நத்தைய வுட்டுட்டு கனகபுரா போவணும்னு என்னையே கேக்கறாரு. ஜெர்மனி எல்லாம் போயிட்டு வந்தவரு, பாவம், ஒலகம் தெரியாது. நான் சொன்னேன். சார், ஒரு ஆம்பள ஊட்டுக்கு தெரியாம தெனம் வெளியூர் போறான்னா நத்தைக்காகவா போறான்?

சிரிக்காதீங்க தம்பி. கனகபுராவுல ஒரு கூட்டம் புள்ளி, மாகடி பக்கத்துல ஒரு கூட்டம். அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. ஆளு பாக்க எப்படி இருக்காரு, சாது மாதிரி.

அவரு சம்சாரம் வள்ளியம்மா. எனக்கு தங்கச்சி மாதிரி. ஒரே தெரு, ஒரே கொழாய். தண்ணி புடிக்கச்சொல்ல மூஞ்ச பாத்துகினு எப்படி சொல்லாம இருக்கறது? நம்ம மனசாட்சின்னு ஒண்ணு இருக்குதுல்ல. சும்மா வாயால சொன்னா நம்ப மாட்டா. அவரு மேல அவ்ளோ உசுரு. அதனால பிரிண்டு எடுத்துகினு போனேன். கலர் பிரிண்டு. கொழாயடியிலயே விரிச்சி காட்டினேன். பாரு வள்ளி, இந்த செவப்பு புள்ளி ஒவ்வொண்ணும் உன் ஊட்டுக்காரர் நின்ன எடம், சாட்லைட்டு மேலேர்ந்து பாத்திருக்குதுன்னு. அவ கொடம் நெறைஞ்சி வழியுது, அத கூட பாக்கல. அன்னிக்கு சாயந்திரமே நீலசந்திராவுல அம்மா ஊட்டுக்கு போயிட்டா. சும்மா போவல, மிக்சிய தூக்கிகினு போயிட்டா. கோவத்துல போற பொம்பள துணிய எடுத்துகினு போவா. மிக்சிய எடுத்துகினு போறான்னா அவ திரும்பறதா இல்ல.

இந்தாளு நாலு தடவ நீலசந்திரா போயி வாசல்லயே நின்னுட்டு வந்தாராம். கதவு தொறக்கல. இன்னிக்கு அந்த மெஷின திருப்பி குடுத்துட்டு, வேலைய வுட்டு நின்னுக்க சொல்லி இருக்காரு டாக்டர். அதான் படியில குந்திகினு இருக்காரு. வேற ஆள போட்டு மழை வுடறதுக்குள்ள எல்லாத்தையும் மறுபடி அளக்கணும். அதுக்கு மலிவா, நல்லதா, பூஜைக்கு தாங்கற மாதிரி ஒரு சாப்ட்வேர் வேணும். அதான் உங்கள வர சொன்னது.

ஓ, லேப்டாப்பா? பரவால்ல, கையடக்கமா இருக்குது. டேட்டா வேணுமா, இந்தாங்க பிளாப்பி. நானே அடிச்சது, ஒரு தப்பு இருக்காது, எண்ணூத்தி சொச்சம் வரி. போடுங்க, போடுங்க.

ம்... வந்துடுச்சா. பாத்தீங்களா? கனகபுரா. உங்களுதும் அதே தான் சொல்லுது. நாலாவது சாட்சி. இனி எந்த கோர்ட்டுக்கு வேணா போவலாம்.

இன்னா அப்படி உத்து பாக்கறீங்க? இன்னா இல்ல? புள்ளிக்கு அப்பால அறுபதுக்கு மேல ஒரு நம்பர் கூட இல்லையா? எப்படிப்பா இருக்கும். அது நிமிஷம். நிமிஷம் அறுபதுக்கு மேல போவுமா? இன்ஜினியரிங் படிச்சிட்டு இத கேக்கறீங்க. மெஷின்ல பன்னெண்டுன்னு காட்டும், அதுக்கு தலைமாட்டுல சின்னதா ஒரு வட்டம், அப்பால அம்பத்திநாலுன்னு. டிகிரியாம், நிமிஷமாம். முனியப்பன் அந்த வட்டத்த கூட வுடாம எழுதுவாரு. அந்த வட்டம் கீபோர்டுல எங்க இருக்குது? காட்டுங்க பாக்கலாம். இல்லல்ல. அதான் புள்ளி வெச்சேன். மணி எப்படி எழுதறோம்? கேலண்டர்ல ராகுகாலம் எப்படி போட்டிருக்கான்? ஏழு, புள்ளி, முப்பது. அதே மாதிரி பன்னெண்டு, புள்ளி, அம்பத்திநாலு. ஹையர் பாஸ் பண்ணவ நான்.

அரை மணிய எப்படி எழுதுவேனா? புள்ளி முப்பது. அரை ரூபாயா? புள்ளி அம்பது. இதெல்லாம் எதுக்கு கேக்கறீங்க... ம். ஆமா, ரெண்டும் அரை தான். ரெண்டும் அரை தான், ஆனா ஒண்ணு முப்பது, ஒண்ணு அம்பது... அதுக்கு இன்னா இப்போ? கம்ப்யூட்டருக்கு ரூபா கணக்கு மட்டும் தான் தெரியுமா? மணி கணக்கு தெரியாதா?

அப்போ அம்பத்திநாலு நிமிஷம்னா... தொண்ணூறா? பன்னெண்டு புள்ளி தொண்ணூறு. அந்த பக்கம் எழுபத்தேழு டிகிரிக்கு அப்பால முப்பத்தேழு நிமிஷம்னா அறுபத்திரெண்டு. ஒண்ணே ஒண்ணு மாத்தி போடுங்க. இத, இந்த பொம்மனஹள்ளி வரிய போடுங்க.

...

நவுந்துது.

பெருசு பண்ணுங்க தம்பி. இன்னும் கொஞ்சம். இது ஓசூர் ரோடு. இது உள்ள போற ரோடு. இது... இது எங்க தெரு. கொழாய் இருக்கற எடம். அங்க சாக்கடை ஓரம் நெறைய நத்தை, நானே பாத்திருக்கேன்.

எல்லாத்தையும் மாத்துங்க. நத்தை எல்லாம்... வருது, வருது. லால்பாக். நீலசந்திரா. ஹெப்பாள்.

கொஞ்சம் இருங்க. ஏன் தம்பி, நாலு சாப்ட்வேர், உலகத்துல இருக்கற மூளைக்காரன் எல்லாம் சேர்ந்து செஞ்சது. ஏம்மா அம்புஜம், இது ரூபாயா, மணியான்னு ஒரு வார்த்தை கேக்கறதுக்கு எதுக்குமே வாய் இல்லையா? அறுபதுக்கு மேல ஒண்ணு கூட வரலையேன்னு சந்தேகம் வரக்கூடாதா? நீங்க வந்து பத்து நிமிஷத்துல கேட்டீங்க. அந்த டை கட்டினவர் ஒரு மாசமா... சரி, அவர சொல்லி இன்னா ஆவுது. கீபோர்டு செஞ்சவன் அந்த வட்டத்த வெச்சிருந்தா இந்த வம்பே இல்ல.

இன்னா சொல்றீங்க? அப்போ சுனிதா போட்ட ஓசி சாப்ட்வேரே போதுமா? அடியில போட மேப்பு மட்டும் வாங்கினா போதுமா? தம்பி, நீங்க எப்படி இந்த வேலைல இருக்கீங்க. இத உங்க மேனேஜர் கிட்ட சொல்லிடாதீங்க.

டாக்டர் கிட்ட சொல்லிடலாம். அது ஒண்ணும் இல்ல. ஒரு கத்து கத்துவாரு, மாத்திர போட்டுகினு குந்திடுவாரு. நத்தை திரும்பி வந்துடுச்சின்னா அவருக்கு மத்ததெல்லாம் மறந்துடும். வள்ளியம்மா கிட்ட யார் சொல்றது? அவ கிட்ட போயி, இல்ல வள்ளி, கம்ப்யூட்டருக்கு ரூபா கணக்கு தான் தெரியும், நான் மணி கணக்குல அடிச்சிட்டேன்னா அவ நம்புவாளா? அவர காப்பாத்த கத கட்டிகினு வந்திருக்கேன்னு சொல்லுவா. கலர்ல காட்டினேனே, சாட்லைட்டு பாத்திருக்குதுன்னு சொன்னேனே. இத்தினி வருசத்துல அந்த மனுசன் ஒரு நாள் சொல்லாம கொள்ளாம லேட்டா வந்ததில்லன்னு அவளே என்கிட்ட சொல்லி இருக்கா. அதுக்கு மேல தான் நான் அந்த பிரிண்ட விரிச்சேன்.

ஒண்ணு பண்ணுங்க. இந்த பொட்டிய எடுத்துகினு என்கூட நீலசந்திரா வாங்க. ஆட்டோ நான் பாத்துக்கறேன். இப்ப எனக்கு காட்டின மாதிரியே, புள்ளி கனகபுராவுலேர்ந்து கெளம்பி எங்க தெருவுக்கு வந்துது பாருங்க, அத அவ கண்ணு முன்னாடி பண்ணி காட்டணும். வள்ளியோட அம்மா கொஞ்சம் வாய் ஜாஸ்தி, அத நீங்க கண்டுக்காதீங்க. டெமோ குடுக்க தான வந்தீங்க, எங்க குடுத்தா இன்னா? இல்ல, ஆபீஸுக்கு வெளிய டெமோ கெடையாதா? அப்படி யாரு ரூல் போட்டது? ஒயர ஏன் சுத்தறீங்க? அடுத்த எடத்துக்கு டைம் ஆயிடுச்சா, இப்ப தான வந்தீங்க... டாக்டர பாக்காமயே போறீங்களா? தம்பி, பிளாப்பி... அத குடுத்துட்டு போங்க. ஹரிஷ்குமார்னு தான சொன்னீங்க, கார்டாவது வெச்சிட்டு...

போயிட்டாரு.

யாரு? முனியப்பா, நீயா. வா. வெய்யில்ல குந்திகினு இருந்தியா, உள்ள வந்திருக்கலாம் இல்ல. இல்ல, யாரும் உன்ன உள்ள வர சொல்லல, அது எனக்கு தெரியும். மெஷின மேஜை மேல வெக்காத. உன் பையிலயே இருக்கட்டும். ஏன்னு அப்பால சொல்றேன்.

இல்ல, இப்பவே சொல்றேன். நீ கனகபுரா போவல. மாகடியும் போவல. நான் தான் உன்ன அனுப்பினேன், இந்த நாற்காலில குந்திகினே, டைப் அடிச்சி. எப்படின்னு கேக்காத, ஆட்டோல சொல்றேன். என்ன அப்படி பாக்காத முனியப்பா, திட்டணும்னா திட்டிடு.

நட, நீலசந்திரா போலாம். நீ வாசல்லயே நில்லு. மொதல்ல நான் உள்ள போறேன். அவ எத எடுத்து அடிச்சாலும் என் மேல வுழட்டும்.